'ப்ளூ மண்டே'யையும் அதன் ரீமிக்ஸ்களையும் பிரித்துக் கேட்கும் முறை

மான்செஸ்டரைச் சேர்ந்த நியூ ஆர்டர் குழு 1983 மார்ச் 7 அன்று வெளியிட்ட 'ப்ளூ மண்டே', பிரிட்டனில் வேறெந்த 12 அங்குல சிங்கிளையும் விட அதிகமாக விற்ற இசைத்தட்டு. அதைக் கேட்டவர்கள் கோடிக்கணக்கானவர்கள். ஆனால் அவர்களில் பலர் கேட்டது 1983-இன் வடிவமா, 1988-இன் வடிவமா, 1995-இன் வடிவமா என்று வினவினால் விடை தெரியாமல் விழிப்பார்கள். மூன்றும் ஒரே பெயரில், ஒரே குரலில், ஏறத்தாழ ஒரே மெட்டில் இருப்பதால் இந்தக் குழப்பம் இயல்பானதே. ஆனால் இவற்றை வரிசையாக வைத்துக் கேட்கத் தெரிந்துகொண்டால் ரீமிக்ஸ் என்னும் கலையின் அடிப்படை கைவந்துவிடும். ரீமிக்ஸ் செய்யும் ஒவ்வொருவரும் முதலில் ஒரு தீர்மானத்துக்கு வருகிறார்: இந்தப் பாடலில் எந்த ஒலி போனால் பாடலே போய்விடும், எவற்றையெல்லாம் எடுத்துவிட்டாலும் பாடல் நிற்கும் என்பதே அந்தத் தீர்மானம். அதை நாமே காதால் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இந்தக் கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது.

முதலில் சரியான பதிவைத் தேடி எடுத்தல்

இசைச் செயலிகளில் 'ப்ளூ மண்டே' என்று தேடினால் ஒரு பெரிய பட்டியலே வரும். பாடலின் நீளத்தைப் பார்த்தே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 1983-இன் மூல வடிவம் 7 நிமிடம் 29 நொடி ஓடுகிறது. நான்கு நிமிடத்தைச் சற்றே தாண்டி முடிந்துவிடும் பதிவு பெரும்பாலும் 1988-இன் சுருக்க வடிவமாக இருக்கும். தொகுப்பு ஆல்பங்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. 1987-இல் வந்த 'சப்ஸ்டன்ஸ்' என்னும் இரட்டைத் தொகுப்பில் 1983-இன் முழு நீளப் பதிவு இருக்கிறது. 1994-இல் வந்த சிறந்த பாடல்களின் தொகுப்பில் இருப்பதோ 1988-இன் வடிவம். பழைய பாடலைக் கேட்கிறோம் என்று நம்பி இந்த இரண்டாவது தொகுப்போடு வளர்ந்தவர்கள் நிறையப் பேர். 1995-இல் ஹார்ட்ஃப்ளோர் குழு செய்த வடிவத்தை, அதே ஆண்டில் வெளியான ரீமிக்ஸ் தொகுப்பில் காணலாம்.

இவற்றோடு நான்காவதாக 'தி பீச்' என்ற பதிவும் வேண்டும். இது 1983 இசைத்தட்டின் மறுபக்கத்தில் இருந்தது. பெயர் வேறாக இருப்பதால் பலர் இதைத் தனிப் பாடல் என்று எண்ணித் தாண்டிவிடுகிறார்கள். 'சப்ஸ்டன்ஸ்' தொகுப்பின் இரண்டாம் பகுதியில் இது கிடைக்கும்.

ஆர்ஜி என்ற அமெரிக்க ராக் குழு 1998-இல் வெளியிட்ட பதிவையும் தேடல் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். அது வேறு குழுவினர் தாங்களே புதிதாகப் பாடி, வாசித்துப் பதிந்த பாடல். அதை ரீமிக்ஸ் என்று கொள்ளக் கூடாது. மூலப் பதிவின் ஒலிகளைக் கையில் எடுத்து, அவற்றை மறுபடி அடுக்குவதும் குறைப்பதும் கூட்டுவதும்தான் ரீமிக்ஸ். நம் பயிற்சிக்கு ஆர்ஜியின் பதிவு தேவையில்லை.

கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் மட்டும் கேட்க வேண்டாம். இந்தப் பாடலின் பாதி உயிர் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. அந்தச் சிறு ஒலிபெருக்கியால் அவற்றை எழுப்பவே முடியாது. காதை மூடும் நல்ல ஹெட்போனோ, வூஃபர் உள்ள ஸ்பீக்கரோ போதுமானது.

தாளம் போட்டபடி முதல் முறை

முதல் முறை கேட்கும்போது மெட்டையும் வரிகளையும் பொருட்படுத்தாமல், கிக் என்னும் அடி மேளத்தை மட்டும் பின்தொடர வேண்டும். பாடலின் வேகம் நிமிடத்துக்கு 130 அடி. நம் கை பழகிய ஆதி தாளத்தை இதற்குப் போடலாம். ஓர் ஆவர்த்தனத்தின் எட்டு எண்ணிக்கைகளில் நான்கு அடி கொண்ட பார் இரண்டு அடங்கும், அதற்கு மூன்றே முக்கால் நொடிக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். பாடல் முழுவதும் ஏறத்தாழ 120 ஆவர்த்தனங்கள் வருகின்றன. நடனப் பாடல்களில் புதிய ஒலி எதுவும் நினைத்த இடத்தில் நுழைவதில்லை. நான்கு, எட்டு, பதினாறு பார்கள் முடியும் இடத்தில்தான் பெரும்பாலும் ஒன்று நுழையும் அல்லது ஒன்று விலகும். எண்ணிக்கை கையில் இருந்தால் அடுத்த மாற்றம் எங்கே வரும் என்பதை உடலே முன்கூட்டி உணர்ந்துவிடும். நடன அரங்கில் ஆடுபவர்கள் செய்வதும் இதைத்தான்.

முதல் சில நொடிகளிலேயே ஒரு விசேஷம் இருக்கிறது. கிக் அடி சீராக விழுந்துகொண்டிருக்கும்போதே, ஒவ்வோர் எண்ணிக்கையையும் 'தகதிமி' என்று நான்காகப் பிளந்து, அந்த நான்கிலும் மேளம் தடதடவென்று விழும் இடம் வருகிறது. இந்த வேகத்தில் 'த'வுக்கும் 'க'வுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு நொடியில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான். மனிதக் காலால் ஒரே பலத்தில் இதை மிதித்துக்கொண்டிருப்பது மிகக் கடினம். ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் என்னும் ட்ரம் மெஷினில், அதாவது மேள ஒலிகளைத் தானே வாசிக்கும் இயந்திரத்தில், எழுதப்பட்ட அடி இது. இயந்திரம் மனித மேளக்காரரைப் போல நடிக்க வேண்டியதில்லை, இயந்திரமாகவே இருக்கட்டும் என்ற துணிவை அந்த ஒரு தடதடப்பில் கேட்கலாம். மூன்று வடிவங்களையும் ஒப்பிடும்போது திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்க வேண்டிய இடம் இது என்பதால், கண்ணை மூடினாலும் நினைவுக்கு வரும் அளவுக்கு அதை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

இரண்டு பேஸ்களையும் தனித்தனியாகப் பிடித்தல்

இரண்டாம் முறை தாழ்ந்த ஒலிகளுக்குச் செல்லலாம். இந்தப் பாடலில் பேஸ் எனப்படும் தாழ்ந்த ஸ்தாயி இசை இரண்டு உண்டு. புதிதாகக் கேட்பவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது வழக்கம்.

முதலாவது, மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சிந்தசைசரின் பேஸ். பாடும் பகுதியின் அடியில் துடித்தபடி ஓடிக்கொண்டே இருக்கும் இது, மோக் சோர்ஸ் என்ற கருவியிலிருந்து வருகிறது. அதை இயக்கியது, இட்டுவைத்த ஸ்வரங்களை வரிசையாக வாசிக்கவைக்கும் பவர்ட்ரான் என்ற சீக்வென்சர். கடையில் உதிரிபாகங்களாக விற்ற பெட்டியை வாங்கி, பாடகர் பெர்னார்ட் சம்னர் தாமே பற்றவைத்துக் கட்டிய கருவி அது. கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான பொதுவான முறை அப்போது இசைக்கூடங்களில் பரவியிருக்கவில்லை. ட்ரம் மெஷினையும் சீக்வென்சரையும் ஒரே கடிகாரத்தில் ஓடவைப்பதே அன்றைக்குப் பெரிய வேலையாக இருந்தது. அந்தப் பாடுபட்டுக் கிடைத்த இறுக்கம் பாடலெங்கும் இருக்கிறது.

இரண்டாவது குழுவின் பீட்டர் ஹுக் வாசித்த பேஸ் கிட்டார். அவர் பேஸ் கிட்டாரின் மேல் ஸ்தாயியில் மெட்டு வாசிப்பவர். அதனால் அது பேஸ் என்றே தோன்றாமல், சற்றுத் துயரம் தோய்ந்த தனி கிட்டாராகக் காதில் விழும். சிந்தசைசர் பேஸ் ஒரு இம்மியும் பிசகாமல் ஓட, ஹுக்கின் கை அதன்மேல் சற்று முன்னும் பின்னுமாக அசைகிறது. இந்தப் பாடலின் உணர்ச்சிக்குக் காரணம் வரிகளை விட இந்த இரண்டு பேஸ்களுக்கும் இடையே உள்ள உரசல்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஜாய் டிவிஷன் என்ற பெயரில் கிட்டார் இசை வாசித்துவந்த குழு, பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே மாதம் இறந்த பிறகு நியூ ஆர்டராக மாறி, மூன்றே ஆண்டுகளில் எந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது என்பதை விளக்க இந்த உரசல் ஒன்றே போதும்.

விலகி நிற்கும் மெட்டும் தாமதமாக வரும் குரலும்

மூன்றாம் முறை, தொடக்கத்தில் மெல்ல மேலெழும் சிந்தசைசர் மெட்டைக் கவனிக்க வேண்டும். தாளம் போட்டபடி கேட்டால், மெட்டின் வளைவுகள் எண்ணிக்கையோடு சரியாகப் பொருந்தாமல் ஒருபுறம் சாய்ந்து நிற்பது தெரியும். இது திட்டமிட்டுச் செய்ததல்ல. சீக்வென்சருக்குள் ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒவ்வொரு மௌனத்தையும் கையாலேயே இட வேண்டியிருந்தது. அந்த வேலையைச் செய்த குழு உறுப்பினர் கில்லியன் கில்பர்ட், ஏ4 தாள்களை ஒட்டி நீளமாக்கி, ஒலிப்பதிவுக்கூடத்தின் நீளத்துக்கு அதில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்ததாகவும், இடும்போது ஒரு ஸ்வரம் விட்டுப்போனதால் மெட்டு தாளத்திலிருந்து விலகிவிட்டதாகவும் பின்னாளில் பேட்டியில் கூறியிருக்கிறார். குழுவினர் அதைத் திருத்தாமல் விட்டார்கள். நல்லவேளையாக விட்டார்கள், சரியாகப் பொருந்தியிருந்தால் அது தாளத்துக்குள் கரைந்து மறைந்திருக்கும், இப்போதோ காது அதைத் தேடிப் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

தொடக்கத்திலும் முடிவிலும் மிதந்து வரும் கோரஸ் குரல்களையும் தவறவிடக் கூடாது. க்ராஃப்ட்வெர்க் குழுவின் 1975-ஆம் ஆண்டு 'யுரேனியம்' பதிவிலிருந்து சாம்பிளாக, அதாவது ஒலித் துணுக்காக, எடுக்கப்பட்டவை அவை. ஆக, மூலப் பாடலின் உடலிலேயே இன்னொருவரின் பதிவு ஏற்கெனவே குடியிருக்கிறது.

சம்னரின் குரல் இரண்டு நிமிடம் கடந்த பிறகுதான் வருகிறது. வானொலிக்காக எழுதப்படும் பாடல் அதற்குள் பாதி முடிந்திருக்கும். முதல் இரண்டு சரணங்கள் இடைவெளியின்றி அடுத்தடுத்து வருகின்றன. சில ஒலி விளைவுகளுக்குப் பின் மூன்றாவது சரணம் வருகிறது. பிறகு நீண்ட பின்னிசை. பல்லவி என்று திரும்பத் திரும்ப வரும் பகுதியே கிடையாது. குரலில் ஏற்ற இறக்கமும் அதிகம் இல்லை. மேடையில் ரசிகர்கள் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கூச்சலிடும்போது, பொத்தானை அழுத்திவிட்டுப் போனால் இயந்திரங்கள் தாமே வாசிக்கும்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணமே இந்தப் பாடலின் தொடக்கம் என்று குழுவினர் சொல்லியிருக்கிறார்கள். குரல் இல்லாமலும் நிற்கக்கூடிய கட்டுமானம் அங்கிருந்துதான் வந்தது. ரீமிக்ஸ் செய்ய வந்தவர்களுக்கு அதுவே பெரிய வசதியாகவும் அமைந்தது.

'தி பீச்': முதல் ரீமிக்ஸ் மறுபக்கத்திலேயே இருக்கிறது

ஜமைக்காவில் 1960-களின் பிற்பகுதியிலிருந்தே, இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் பாடலும் மறுபக்கத்தில் குரலை எடுத்துவிட்ட வடிவமும் வைக்கும் பழக்கம் இருந்தது. கிங் டப்பி போன்றவர்கள் அந்த வடிவத்தில் எதிரொலியைச் சேர்த்து, ஒலிகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டும் வெளியே தள்ளியும் டப் என்னும் கலையை வளர்த்தார்கள். அமெரிக்க டிஸ்கோவில் 12 அங்குல இசைத்தட்டு விற்பனைக்கு வந்தது 1976-இல். சால்சோல் நிறுவனம் வெளியிட்ட 'டென் பெர்சென்ட்' பாடலை டிஜே வால்டர் கிப்பன்ஸ் நீட்டி ரீமிக்ஸ் செய்திருந்தார். 7 அங்குலத் தட்டில் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டியிருப்பதால் பேஸின் அளவைக் குறைத்தாக வேண்டும். அதே பாடலை 12 அங்குலத் தட்டில் பரப்பி வெட்டினால் பள்ளங்களுக்கு இடையே தாராளமாக இடம் கிடைத்து, பேஸை உரக்க விட முடிகிறது. 'ப்ளூ மண்டே'யை 12 அங்குலத்தில் மட்டுமே வெளியிட்டதற்கு இந்தப் பின்னணி இருக்கிறது.

'தி பீச்'சைக் கேட்கும்போது ஒரு தாளில் இரண்டு பத்திகள் போட்டு, மூலத்தில் இருந்து இங்கே காணாமல் போனவற்றை ஒன்றிலும், இங்கே முன்னுக்கு வந்தவற்றை மற்றொன்றிலும் குறித்துக்கொள்ளலாம். சம்னர் பாடும் சரணங்கள் முதல் பத்தியில் முதலாவதாக வரும். அவை போன பிறகு, அதுவரை குரலுக்குப் பின்னால் நின்ற மேளமும் எதிரொலியும் இரண்டாவது பத்தியை நிரப்பத் தொடங்கும். பாடலைப் படைத்தவர்களே செய்த ரீமிக்ஸ் என்பதால், அவர்கள் எதை உயிராக நினைத்தார்கள் என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடையாது. மூன்று ரீமிக்ஸ்களில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

1988: க்வின்சி ஜோன்ஸின் பார்வையில்

அமெரிக்காவில் நியூ ஆர்டரின் பதிவுகளை வெளியிட்டது இசைத் தயாரிப்பாளர் க்வின்சி ஜோன்ஸின் க்வெஸ்ட் நிறுவனம். அவருடைய மேற்பார்வையில் ஜான் போட்டோகர் இந்த வடிவத்தை ரீமிக்ஸ் செய்தார். பிரிட்டனின் சிங்கிள் பட்டியலில் இது 3-ஆம் இடம் வரை ஏறியது. 1983-இன் மூலம் எட்டிய உச்சமோ 9-ஆம் இடம். அமெரிக்க நடனப் பட்டியலில் இது முதலிடமே பிடித்தது.

இங்கே செய்ய வேண்டிய பயிற்சி எளிது. மூலத்தின் முதல் 30 நொடியையும் இதன் முதல் 30 நொடியையும் மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். இரண்டின் ஒலி அளவையும் முன்னதாகச் சமமாக்கிக்கொள்ள வேண்டும். உரக்க ஒலிப்பது எதுவோ அதுவே நன்றாக இருப்பதாகக் காது ஏமாந்துவிடும். 1988 வடிவத்தில் மேள ஒலிகள் கூர்மையாகவும் பளபளப்பாகவும் இருப்பதையும், மூலத்தில் வெறுமையாக விடப்பட்ட இடங்களில் சின்னச் சின்ன ஒலிகள் வந்து அமர்ந்திருப்பதையும் உடனே உணரலாம். சுருக்க வடிவத்தில் முன்னிசை குறைக்கப்பட்டதால் குரல் சீக்கிரம் வந்துவிடுகிறது. பாடலின் மையம் குரலுக்கு நகர்ந்துவிடுகிறது. இது வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் ஏற்ற தீர்மானம், திறமையாக நிறைவேற்றப்பட்ட தீர்மானமும்கூட. ஆயினும் மூலத்தில் இருந்த அந்தக் குளிர்ந்த வெற்றிடம் போய்விட்டது எனக்குக் குறையாகவே படுகிறது. 12 அங்குல வடிவத்தைக் கேட்பவர்களுக்கு அந்தக் குறை ஓரளவு குறையும்.

1995: ஹார்ட்ஃப்ளோர்

ஹார்ட்ஃப்ளோர் என்பது ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரைச் சேர்ந்த ஆலிவர் பாண்ட்சியோ, ரமோன் சென்கர் என்னும் இருவர் குழு. ரோலண்ட் டிபி-303 என்ற சிறு பேஸ் இயந்திரமே இவர்களின் அடையாளம். கிட்டார்க்காரர்களுக்குப் பேஸ் துணையாக இருக்கட்டும் என்று 1981-இல் தயாரிக்கப்பட்டு, அந்த வேலையில் தோற்று, மூன்றாண்டுகளில் உற்பத்தி நின்றுபோன கருவி அது. பழைய சாமான் விலைக்குக் கிடைத்த அந்தக் கருவியின் திருகுகளைச் சிகாகோ இசைக்கலைஞர்கள் திருகிக் கண்டுபிடித்த நெளியும் ஒலியிலிருந்து ஆசிட் ஹவுஸ் என்னும் நடன இசை வகை பிறந்தது.

இந்த வடிவத்தைக் கேட்கும்போது 303-இன் ஒலி எப்போது நுழைகிறது, எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு திறக்கிறது என்பதை மட்டும் பின்தொடர வேண்டும். மங்கி அடங்கிய ஒலியாகத் தொடங்குவது, உயர்ந்த அதிர்வெண்களைத் தடுக்கும் வடிகட்டியின் திருகு மெல்ல மெல்லத் திறக்கப்பட, கூர்மையடைந்து கீச்சிடும் நிலைக்கு வருகிறது. ஸ்வரங்கள் மாறாமலே அதன் நிறம் மட்டும் மாறிக்கொண்டு போகிறது. மூலத்தில் புதிய ஒலி பார் எண்ணிக்கை முடியும் இடத்தில் படி ஏறுவதுபோல நுழைந்தது. இங்கே அந்தப் படிகளோடு, இடைவிடாத ஒரு சரிவான ஏற்றமும் சேர்ந்துகொள்கிறது. கையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் இந்த இரண்டு வகை நகர்வையும் பிரித்தறிய முடியும். இடையிடையே மூலப் பாடலிலிருந்து எவை மிஞ்சியிருக்கின்றன என்று முன்பு எழுதிய தாளில் குறிக்கலாம். பன்னிரண்டு ஆண்டுகளில் நடன அரங்கே மாறிவிட்டிருந்தது. அந்த அரங்குக்குப் பாடலின் எந்தப் பகுதி மட்டும் போதுமானதாக இருந்தது என்பது அந்தக் குறிப்பிலிருந்தே தெரிந்துவிடும். பிரிட்டன் பட்டியலில் இது 17-ஆம் இடத்தைத் தொட்டது.

உறையைப் படித்தல்

மூல இசைத்தட்டோ அதன் மறுபதிப்போ கையில் கிடைப்பவர்கள் உறையையும் படிக்க வேண்டும். வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் அதை 5¼ அங்குல ஃப்ளாப்பி டிஸ்க் வடிவத்தில் அமைத்தார். ஃப்ளாப்பியில் இருப்பதுபோலவே வெட்டப்பட்ட துளைகள் மூல உறையில் இருந்தன. முன்பக்கத்தில் குழுவின் பெயரோ பாடலின் பெயரோ எழுத்தில் இல்லை. ஓரத்தில் மேலிருந்து கீழாக இறங்கும் வண்ணக் கட்டங்கள்தான் எழுத்துகள். அதே ஆண்டு மே மாதம் வந்த 'பவர், கரப்ஷன் அண்டு லைஸ்' ஆல்பத்தின் பின்னட்டையில் உள்ள வண்ணச் சக்கரம் அவற்றுக்குத் திறவுகோல். ஒவ்வொரு வண்ணத்தையும் சக்கரத்தோடு ஒப்பிட்டு எழுதிக்கொண்டு போனால், இசைத்தட்டை வெளியிட்ட ஃபாக்டரி நிறுவனத்தின் வரிசை எண்ணான 73-உம், இரண்டு பாடல்களின் பெயர்களும், குழுவின் பெயரும் ஒவ்வொன்றாக வெளிவரும். துளைகள் வெட்டிய உறையின் செலவு அதிகமானதால் ஒவ்வொரு தட்டு விற்றபோதும் ஃபாக்டரிக்கு நட்டமே ஏற்பட்டது என்ற செய்தி நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவருகிறது.

அடுத்த பயிற்சிக்கு

இந்த நான்கு பதிவுகளும் பழகிவிட்டால், அதே 1983-இல் நியூ ஆர்டர் நியூயார்க்கின் இசைத் தயாரிப்பாளர் ஆர்தர் பேக்கரோடு சேர்ந்து செய்த 'கன்ஃப்யூஷன்' சிங்கிளுக்குச் செல்லலாம். அதன் 12 அங்குலத் தட்டிலேயே பாடல் நான்கு வடிவங்களில் இருக்கிறது: முழுப் பாடல், மேளத்தை மையப்படுத்தியது, குரலற்றது, செப்பனிடாத கலவை. முதலில் மேளத்தை மையப்படுத்திய வடிவத்தைக் கேட்டு, முழுப் பாடல் எப்படி இருக்கும் என்று மனத்துக்குள் கட்டிப்பார்த்த பின்னரே முழு வடிவத்தை ஒலிக்கவிட வேண்டும். அதன்பின் பம்ப் பேனல் குழு 1995-இல் செய்த மறுகட்டமைப்பைக் கேட்கலாம். பாடலின் ஏறத்தாழ எல்லாவற்றையும் கழித்துவிட்டு 303-இன் நெளியும் ஒலியை முன்னிறுத்தியிருக்கிறார்கள். மூலத்தின் எந்தத் துணுக்கு அதில் எஞ்சியிருக்கிறது என்று கண்டுபிடிக்க, அதே இரண்டு பத்தித் தாளோடு மூன்று நான்கு முறையாவது கேட்க வேண்டியிருக்கும்.